கட்டைகளுக்கு நடுவே ஒரு சுரம்: பாரசீக இசையும் மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவும் சேரும்போது என்ன நடக்கிறது?

பியானோவில் டோ-ரே-மி வரிசையின் ‘மி’ என்ற வெள்ளைக் கட்டையை அழுத்துங்கள். அதற்கு இடப்பக்கம் ஒட்டினாற்போல ஒரு கறுப்புக் கட்டை. இரண்டுக்கும் நடுவே மயிரிழை அளவு ஒரு சந்து. பாரசீகச் செவ்வியல் இசையின் பல மெட்டுகளுக்கு வேண்டிய சுரம் அந்தச் சந்துக்குள் கிடக்கிறது. கறுப்பை அழுத்தினால் சுரம் தாழ்ந்துவிடும், வெள்ளையை அழுத்தினால் ஏறிவிடும்.

பாரசீக இசையை மேற்கத்திய இசையோடு கலக்க முயன்ற ஒவ்வொருவரும், கடந்த 100 ஆண்டுகளாக, இந்தச் சந்தில்தான் வந்து நின்றிருக்கிறார்கள். சிலர் சுரத்தை நகர்த்தினார்கள், சிலர் பியானோவையே நகர்த்தினார்கள். ஈரானிய இசையமைப்பாளர் ஹொசைன் அலிசாதே 1983இல் எழுதிய ‘நேய்நவா’ என்ற ஆர்கெஸ்ட்ரா ஆக்கம் இந்தச் சிக்கலை வேறு வழியில் கடந்தது. முதல் தடவை கேட்பவர்களுக்கு அது குழப்பமாக இருக்கும். வயலின்கள் மேற்கத்தியப் பாணியில் ஒலிக்கின்றன, மேலே ஒரு புல்லாங்குழல் வேறு ஏதோ மொழியில் பேசுகிறது, ஆனாலும் இரண்டும் சண்டை போடவில்லை. இது பாரம்பரிய இசையா, திரைப்படப் பின்னணி மாதிரி ஒன்றா? பதிலுக்கு அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

தஸ்த்கா, குஷே, ரதீஃப்

பாரசீக இசையில் ராகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பேசக்கூடிய சொல் தஸ்த்கா. ஏழு பெரிய தஸ்த்காக்கள் உண்டு: ஷூர், மாஹூர், ஹுமாயூன், செகா, சஹார்கா, நவா, ராஸ்த்-பஞ்ச்கா. இவற்றிலிருந்து கிளைத்தவையாக ஐந்து ‘ஆவாஸ்’கள். மொத்தம் 12 என்பதே வழக்கமான கணக்கு.

ஆனால் தஸ்த்காவை ராகம் என்று மொழிபெயர்த்துவிட்டு நகர முடியாது. ஒரு தஸ்த்காவுக்குள் ‘குஷே’ எனப்படும் சிறுசிறு மெட்டுத் துண்டுகள் வரிசையாக இருக்கும். குஷே என்றால் மூலை. ஒவ்வொரு மூலைக்கும் தனிப் பெயர், தனி மையச் சுரம், தனிக் குணம். கலைஞர் ‘தராமத்’ என்ற நுழைவில் தொடங்கி, மூலை மூலையாக மேலே ஏறி, ‘ஃபுரூத்’ என்ற இறக்கத்தின் வழியாகத் தொடங்கிய இடத்துக்குத் திரும்புவார். இடையில் மையச் சுரம் மாறும், சில சமயம் சுரங்களே மாறும்.

இந்த மூலைகளின் முழுத் தொகுப்புக்கு ரதீஃப் என்று பெயர். இன்று பரவலாகப் பயிலப்படுவது மிர்ஸா அப்துல்லா (1843–1918) வழியாக வந்த ரதீஃப். ஏறத்தாழ 250 குஷேக்கள். மாணவர் இதை வருடக்கணக்கில் மனப்பாடம் செய்து, பிறகு மேடையில் அதிலிருந்து தன் போக்கில் கட்டிக்கொண்டு போவார். 2009இல் யுனெஸ்கோ இதைத் தன் மரபுச்செல்வப் பட்டியலில் சேர்த்தது.

நம் காதுக்கு முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. இங்கே தம்புரா கிடையாது. கச்சேரி முழுக்கக் கீழே ஓடிக்கொண்டிருக்கும் சுருதி இல்லாததால், மையம் நகரும்போது கேட்பவரின் காலடித் தரையும் கூடவே நகர்கிறது. ஆர்கெஸ்ட்ரா வந்து கீழே ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

அந்தச் சந்தின் அளவு என்ன?

சுர இடைவெளியை அளக்க ‘செண்ட்’ என்ற அலகு இருக்கிறது. ஒரு ஸ்தாயிக்கு 1200 செண்ட். பியானோ அதைச் சமமான 12 துண்டுகளாக வெட்டிக்கொள்கிறது. பக்கத்துப் பக்கத்துக் கட்டைக்கு 100 செண்ட்.

பாரசீக இசையில் இதைவிடப் பெரிய, ஆனால் முழுச் சுரமான 200ஐ எட்டாத இடைவெளிகள் உண்டு. அவற்றைத் தரும் சுரங்களைக் குறிக்க இரண்டு அடையாளங்கள் இருக்கின்றன. கொரோன் என்றால் சுமார் கால் சுரம் இறக்கு. சோரி என்றால் சுமார் கால் சுரம் ஏற்று. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன சந்துச் சுரத்தின் பெயர் ‘மி கொரோன்’.

‘சுமார்’ என்ற சொல்லில்தான் வம்பு. இந்த அடையாளங்களை உருவாக்கிய அலி-நகி வசீரி, ஸ்தாயியை 24 சமமான கால் சுரங்களாகப் பிரிக்க வேண்டும் என்றார். அவர் கணக்கில் ரே-யிலிருந்து மி கொரோனுக்கு 150, அங்கிருந்து ஃபா-வுக்கு இன்னொரு 150. பார்க்க அழகான கணக்கு. பிறகு வந்த இசையியலாளர் ஹொர்மொஸ் ஃபர்ஹாத், கலைஞர்கள் உண்மையில் வாசிப்பதை அளந்துவிட்டு, அந்தச் சுரம் நட்டநடுவில் இல்லை என்றார்: முதல் இடைவெளி 135 செண்ட் அளவில், அடுத்தது 160 அளவில். அதுவும் நிலையானது இல்லை. வாசிப்பவரைப் பொறுத்து, தஸ்த்காவைப் பொறுத்து, கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும்.

15 செண்ட் வித்தியாசம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். தோடியின் காந்தாரத்தை ஹார்மோனியக் கட்டையில் தேடிப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

நீண்ட கழுத்துள்ள தந்தி வாத்தியங்களான தார், சேதார் இரண்டிலும் இதற்கு எளிய ஏற்பாடு இருக்கிறது. அவற்றின் மெட்டுக்கள் (பாட்டின் மெட்டு அல்ல, வீணையில் இருப்பதுபோல விரல் வைக்கும் தடைகள்) உலோகத்தால் அடித்துப் பொருத்தப்பட்டவை அல்ல. கழுத்தைச் சுற்றிக் கட்டிய நரம்புக் கயிறுகள். விரலால் தள்ளினால் நகரும். வாசிப்பதற்கு முன் கொரோன் மெட்டை ஒரு நெல் அளவு மேலே தள்ளுவதும் கீழே இழுப்பதும் சாதாரணம். குச்சியால் தட்டி வாசிக்கும் சந்தூரை வைத்திருப்பவர் பாடுதான் திண்டாட்டம். 18 குதிரைகள், குதிரைக்கு நான்கு கம்பி, ஆக 72 கம்பிகள். தஸ்த்கா மாறினால் சாவியை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

ஹார்மனி எங்கே முட்டுகிறது?

மேற்கத்திய ஹார்மனி என்பது ஒரே நேரத்தில் பல சுரங்களை அடுக்குவது. இந்த அடுக்குக்குக் கார்டு என்று பெயர். அதன் அடிப்படை, ஒரு சுரம், அதன் மூன்றாவது, அதன் ஐந்தாவது. இந்த அமைப்புக்குள் கொரோன் வந்ததும் மூன்று இடங்களில் முட்டும்.

1. பெரிய மூன்றாவதுக்கு (மேஜர்) பியானோவில் 400 செண்ட், சிறியதுக்கு (மைனர்) 300. டோ-விலிருந்து மி கொரோனுக்கோ, ஃபர்ஹாத் கணக்குப்படி, சுமார் 340. அடுக்கினால் மேஜரும் இல்லை மைனரும் இல்லை. தனி மெட்டில் இனிக்கும் அதே சுரம் கார்டின் நடுவே உட்கார்ந்ததும் ‘சுருதி சேரவில்லை’ என்று மேற்கத்தியக் காது சொல்லும்.

2. ஒரு சுரத்தின் மேல் கார்டு கட்ட அதற்குச் சுத்தமான ஐந்தாவது வேண்டும். சில தஸ்த்காக்களில் கொரோன் சுரத்துக்கு அந்தத் துணை கிடையாது. செகாவில் நிலைமை இன்னும் மோசம். அங்கே மையச் சுரமே கொரோன். வீட்டுக்குத் திரும்பி வந்து காலை வைக்கும் இடமே சந்துக்குள் இருக்கிறது.

3. இது சுரக்கணக்குக்கு அப்பாற்பட்டது. ஹார்மனி கதை சொல்லும் விதம் வேறு. ஒரு கார்டு பதற்றத்தைக் கூட்டும், அடுத்தது அதைத் தீர்க்கும். தஸ்த்காவில் பதற்றத்தைக் கூட்டுவது ஏற்றம், தீர்ப்பது ஃபுரூத். இரண்டு கதைசொல்லிகள் ஒரே கதையைச் சொன்னால் ஒருவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பல கலப்பு முயற்சிகளில் வாயை மூடியது தஸ்த்காதான்.

தாளமும் ஒரு தொல்லை. தஸ்த்காவின் உயிர்ப்பான பகுதிக்கும் ஆவாஸ் என்றே பெயர் (முன்பு சொன்ன ஐந்து கிளைகள் வேறு). அது எண்ணக்கூடிய தாளத்தில் வராது. பாரசீகக் கவிதையின் யாப்பு ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டு நீளும், சுருங்கும். எதிரே கோலைப் பிடித்துக்கொண்டு ஒரு நடத்துநரும் நாற்பது வாத்தியக்காரர்களும் எப்போது எண்ணுவது என்று காத்திருப்பார்கள்.

வசீரிக்கு முன்னும் பின்னும்

மேற்கத்திய இசை ஈரானுக்குள் ராணுவச் சீருடையில் வந்தது. 1851இல் தெஹ்ரானில் தொடங்கிய தாருல்ஃபுனூன் கல்லூரியின் ராணுவ இசைப் பிரிவை நடத்த 1868இல் பிரான்சிலிருந்து அல்ஃபிரெட் லெமேர் வந்தார். பாண்டு வாத்தியங்களும் ஐந்துகோட்டுக் குறிப்பெழுத்தும் கூடவே வந்தன.

அடுத்த பெரிய அடி வசீரியுடையது. தார் கலைஞர், ராணுவ அதிகாரி. 1918இல் ஐரோப்பா போய்ப் பாரிசிலும் பெர்லினிலும் படித்து, 1923இல் திரும்பி இசைப்பள்ளி திறந்தார். பாரசீக இசைக்கு ஹார்மனி வேண்டும், அதற்குச் சுரங்கள் ஒழுங்குபட வேண்டும் என்பது அவர் வாதம். 24 கால் சுரம் என்ற கணக்கு பிறந்தது இந்தத் தேவையிலிருந்து. அதாவது, அளந்து பார்த்துச் சொன்னதைவிட, எதிர்காலத்துக்காகத் திட்டமிட்டுச் சொன்னது. என் பார்வையில் வசீரியின் பலவீனமும் துணிச்சலும் இதுதான்.

அவருடைய மாணவர் ரூஹொல்லா ஹாலெகி இந்த வழியை வானொலி ஆர்கெஸ்ட்ராவுக்குக் கொண்டுபோனார். ஹொசைன் தெஹ்லவி, சந்தூர் கலைஞர் ஃபராமர்ஸ் பாய்வருடன் சேர்ந்து 1950களின் இறுதியில் சந்தூருக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமான கொன்செர்டினோ எழுதினார். பாரசீக வாத்தியத்தைத் துணையாக வைக்காமல் தனிநாயகனாக நிறுத்திய ஆரம்பகால ஆக்கங்களில் அது முக்கியமானது.

இதற்கு நேரெதிர் வழியும் நடந்தது. மொர்தஸா மஹ்ஜூபி போன்ற பியானோ கலைஞர்கள் ஹார்மனியைப் பற்றிக் கவலைப்படாமல், பியானோவின் கம்பிகளைத் தஸ்த்காவுக்கு ஏற்றபடி முறுக்கி மாற்றினார்கள். வலக்கை சந்தூர் மாதிரி ஒலிக்கும். இடக்கை அவ்வப்போது கீழே ஒரு சுரத்தைத் தட்டிவிட்டுப் போகும். பியானோவைப் பாரசீக வாத்தியமாக மாற்றிவிட்ட வழி அது. வயலினுக்கு மெட்டுக்கள் இல்லாததால் இந்தச் சிரமம்கூட இல்லை. அபுல்ஹசன் சபா அதில் ரதீஃபையே கற்றுக்கொடுத்தார். வயலின் அவ்வளவு சௌகரியமாகப் பொருந்தியதன் விலையைக் கொடுத்தது கமாஞ்சே என்ற பாரசீக வில் வாத்தியம். நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதை வாசிக்க ஆள் தேட வேண்டிய நிலை வந்தது.

1960களின் இறுதியில் எதிர்வினை கிளம்பியது. தாரியூஷ் சஃப்வத் தலைமையில் தெஹ்ரானில் பாரம்பரிய இசையைக் காக்கும் மையம் ஒன்று உருவானது. நூர்-அலி புரூமந்த் போன்ற ரதீஃப் ஆசான்கள் அங்கே கற்பித்தார்கள். கலப்பு வேண்டாம், வயலின் வேண்டாம், மூலத்துக்குத் திரும்பு என்பது அந்த மையத்தின் போக்கு. அங்கிருந்து வெளிவந்த தலைமுறையில் ஒருவர்தான் ஹொசைன் அலிசாதே. ஆர்கெஸ்ட்ராவை வைத்து மிகப் பிரபலமான பாரசீக ஆக்கம் எழுதியவர் கலப்பை எதிர்த்த பட்டறையில் செதுக்கப்பட்டவர் என்பது வேடிக்கைதான். ஆனால் தற்செயல் என்று தோன்றவில்லை.

அலிசாதே

1951இல் தெஹ்ரானில் பிறந்தவர். இசைப்பள்ளியிலும் தெஹ்ரான் பல்கலைக்கழகத்திலும் பயின்றார், பிறகு பெர்லினில் இசையமைப்பும் இசையியலும். தாரும் சேதாரும் அவர் வாத்தியங்கள். மிர்ஸா அப்துல்லா ரதீஃபை முழுமையாக வாசித்துப் பதிவு செய்தவர். திரைப்படங்களுக்கும் எழுதியிருக்கிறார்: மொஹ்சென் மக்மல்பாஃபின் ‘கப்பே’, பஹ்மான் கோபாதியின் ‘ஆமைகளும் பறக்கலாம்’ இரண்டிலும் அவர் இசைதான்.

ரதீஃபை அங்குலம் அங்குலமாக அறிந்தவருக்கு ஒரு அனுகூலம் உண்டு. எந்த மூலையில் கை வைத்தால் வீடு இடியாது என்று அவருக்குத் தெரியும்.

‘நேய்நவா’: ஒவ்வொரு தேர்வும் ஒரு விடை

எழுத்தில் ‘நெய்’ என்று போட்டால் நமக்கு வேறு வாசனை அடிக்கும் என்பதால் இங்கே நேய். நாணலில் செய்த குழல். ஏழு கணுத்துண்டுகள், முன்னால் ஐந்து துளை, பின்னால் ஒன்று. பக்கவாட்டில் ஊதும் வாத்தியம் இல்லை. குழலின் விளிம்பை மேல்வரிசை முன்பற்களுக்கிடையே செருகி, நாக்கால் காற்றைத் திருப்பி ஊதுகிறார்கள். சுரத்தோடு மூச்சுச் சத்தமும் சேர்ந்தே வரும், அதை யாரும் குறையாக எண்ணுவதில்லை. துளையைக் கொஞ்சம் மூடியும் திறந்தும், தலையைச் சாய்த்தும், கொரோனை நினைத்த இடத்தில் நிறுத்தலாம்.

நவா என்பது தஸ்த்காவின் பெயர். ஓசை, பாட்டு என்ற பொருளும் உண்டு. சேர்த்துச் சொன்னால் ஈராக்கின் பண்டைய நினிவே நகரத்தின் பாரசீகப் பெயர். அந்தப் பெயர் ஈரானியக் காதில், இமாம் ஹுசைன் கொல்லப்பட்ட கர்பலாவையும் எழுப்பும். 1983, ஈரான்–ஈராக் போர் நடந்துகொண்டிருந்த காலம். இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாத தலைப்பு.

ஆக்கம் நேய்க்கும் தந்தி ஆர்கெஸ்ட்ராவுக்கும் எழுதப்பட்டது. பதிவில் நேய் வாசித்தவர் ஜம்ஷீத் அந்தலீபி. இனி அந்தத் தேர்வுகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம்.

1. தஸ்த்காவின் தேர்வு. நவாவின் சுரங்களைச் சோல்-லிலிருந்து அடுக்கினால்: சோல், லா, சி இறக்கம் (சி-க்கு இடப்பக்கக் கறுப்புக் கட்டை), டோ, ரே, மி கொரோன், ஃபா. கர்நாடக இசை அறிந்தவர்கள் இப்படிப் பார்க்கலாம்: நடபைரவியும் கரகரப்பிரியாவும் தைவதத்தில் மட்டும் வேறுபடுகின்றன அல்லவா? ஒன்றில் அது 800 செண்ட் அளவில், மற்றதில் 900. நவாவின் ஆறாவது சுரம் இரண்டுக்கும் நடுவே, சுமார் 837இல். மற்ற ஆறும் பியானோவுக்குப் பழக்கமான இடங்கள். (சுரப்படி மட்டும்தான் ஒப்புமை, ராகமாக எந்த உறவும் இல்லை.) அதாவது, ஏழு சுரத்தில் ஒன்றே ஒன்றுதான் சந்துக்குள். மையச் சுரத்தில் மைனர் கார்டு குறையில்லாமல் கட்டலாம். செகாவை எடுத்திருந்தால் முதல் கார்டிலேயே மாட்டிக்கொண்டிருப்பார்.

2. வாத்தியங்களின் தேர்வு. முழு சிம்பனி ஆர்கெஸ்ட்ரா வேண்டாம், தந்திகள் மட்டும் போதும். சாவிகள் வைத்த கிளாரினெட்டும் ஓபோவும், வால்வு வைத்த டிரம்பெட்டும் கொரோனுக்குத் தனிப் பயிற்சி கேட்கும். வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ் நான்கிலும் விரல் எங்கே விழுகிறதோ அங்கே சுரம். ஆனாலும் தொல்லை இல்லாமல் இல்லை. ஐரோப்பிய முறையில் பழகிய விரல் தன்னையறியாமல் பக்கத்துக் கட்டையின் சுரத்துக்கு நழுவும். பத்து வயலின்கள் ஒரே கொரோனைப் பிடிக்கும்போது ஆளுக்கு ஐந்து செண்ட் விலகினால் சுரம் கலங்கிப்போகும்.

3. கீழே ஒரு தரை. நேய் ஆவாஸாக நீளும் இடங்களில் தந்திகள் நீண்ட சுரங்களாகத் தணிந்து கிடக்கின்றன. அப்போது நடத்துநர் எண்ண வேண்டியதில்லை. குழலின் மூச்சு முடியும் வரை காத்திருந்தால் போதும். தாளச் சிக்கல் இப்படித் தீர்ந்தது. ஆனால் இதில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. ரதீஃபில் இல்லாத நிலையான தரை இங்கே வந்துவிடுகிறது. மையம் மாறும் குஷேக்களில், நேய் நகர்ந்துவிட்டதைக் காது தானே கண்டுபிடிப்பதற்கு முன் பாஸ் வாத்தியம் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. பழைய ரசிகர்களுக்கு இது கைப்பிடித்து நடத்துவதுபோல உறுத்தும். புதியவர்களுக்கு அந்தக் கைதான் உதவி.

4. கார்டைவிடக் கோடு முக்கியம். தந்திகள் கட்டியாகக் கார்டுகளை அடுக்கிக்கொண்டு நிற்பது குறைவு. தனித்தனி மெட்டுகளாக நகர்ந்து, குறுக்கிட்டு, ஒன்று விட்டதை இன்னொன்று எடுத்துக்கொள்கிறது. கொரோன் ஒரு மெட்டின் போக்கில் வரும்போது அது சுரம். கார்டின் நடுவில் அகப்பட்டால்தான் அது பிரச்சினை.

5. கதைசொல்லி மாறவில்லை. பகுதிகளின் பெயர்களைப் பாருங்கள்: தராமத், நக்மே, ஜாமெதரான், நஹோஃப்த், ஃபுரூத், ரக்ஸே சமா. சொனாட்டா, சிம்பனி வடிவங்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. நுழைவு, மூலைகள், இறக்கம், கடைசியில் சூஃபிகளின் சுழல் நடனம். ஜாமெதரான் என்றால் ஆடை கிழிப்பது. கேட்டவர்கள் தாளாமல் உடையைக் கிழித்துக்கொண்டார்கள் என்று பழங்கதை. நஹோஃப்த் என்றால் மறைந்திருப்பது, நவாவின் உயர்ந்த மூலைகளில் ஒன்று. ஐரோப்பா வாத்தியங்களைத் தந்தது, வழி ரதீஃபுடையது.

மேலே மூன்றாவதாகச் சொன்ன முட்டலுக்கு, அதாவது யார் வாயை மூடுவது என்ற கேள்விக்கு, அலிசாதேயின் பதில் இந்த ஐந்தாவது தேர்வில் இருக்கிறது. ‘நேய்நவா’வை மற்ற முயற்சிகளிலிருந்து பிரிப்பது இது என்று நினைக்கிறேன். தந்தியின் இனிமையோ குழலின் சோகமோ இரண்டாவது காரணம்தான்.

வேறு விடைகள்

கஸ்வீனில் 1952இல் பிறந்த ரேஸா வாலி, வியன்னாவிலும் பிட்ஸ்பர்கிலும் படித்து, கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் இசையமைப்பு கற்பிப்பவர். தொடக்கத்தில் ஈரானிய நாட்டுப்பாடல்களை ஐரோப்பிய மொழியில் எழுதியவர், 2000 வாக்கில் திரும்பிவிட்டார். பியானோவின் சமப்பிரிப்பை விட்டுவிட்டு, தஸ்த்காவின் சுரங்களையும் வடிவங்களையும் கொண்டே எழுதத் தொடங்கினார். ‘எழுத்தணி’ என்ற பொருள்படும் தலைப்பில் அவர் எழுதும் தொடர் ஆக்கங்களில் இது தெரியும். நேய்க்கும் முழு ஆர்கெஸ்ட்ராவுக்கும் ஒரு கொன்செர்டோவும் எழுதியிருக்கிறார். அலிசாதே ஆர்கெஸ்ட்ராவைப் பாரசீக இசையின் வாசல்வரை அழைத்துவந்தார் என்றால், வாலி உள்ளே வந்து தரையில் உட்காரச் சொல்கிறார். வாத்தியக்காரர்களுக்குக் கடினம், கேட்கவும் பழக்கம் வேண்டும்.

மறுகோடியில் பெஹ்சாத் ரஞ்ச்பரான். 1955இல் தெஹ்ரானில் பிறந்தவர், நியூயார்க்கின் ஜூலியார்டில் பேராசிரியர். பாரசீகக் காப்பியமான ஷாநாமாவின் கதைகளை வைத்து ஆர்கெஸ்ட்ராவுக்கு மூன்று ஆக்கங்கள் கொண்ட தொகுதி எழுதினார். அவருடைய இசை மொழி பெரும்பாலும் ஐரோப்பிய ஆர்கெஸ்ட்ராவுடையது. பாரசீகம் கதையிலும் மெட்டின் சாயலிலும் இருக்கிறது. எந்த நாட்டு ஆர்கெஸ்ட்ராவும் மறுநாளே எடுத்து வாசிக்கலாம் என்பது இதன் பெரிய வசதி.

கமாஞ்சே கலைஞர் கெய்ஹான் கல்ஹோர் இவர்கள் யார் பக்கத்திலும் இல்லை. எழுதுவதைவிடச் சேர்ந்து வாசிப்பவர். சிதார் கலைஞர் ஷுஜாத் ஹுசைன் கானுடன் ‘கஸல்’ குழுவில் வாசித்தார். புரூக்லின் ரைடர் என்ற அமெரிக்கத் தந்தி நால்வருடன் 2008இல் வெளியிட்ட ‘மௌன நகரம்’, 1988இல் ரசாயன குண்டுவீச்சுக்கு ஆளான ஈராக்கின் குர்து நகரம் ஹலப்ஜாவை நினைவுகூர்வது. நால்வரோடு நேரடியாக உட்கார்ந்து வாசிக்கும்போது குறிப்பெழுத்தில் அடங்காததைக் காதால் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

சட்டத்துக்குள்ளிருந்து வந்த பல்குரல்

1979 புரட்சிக்குப் பின் ஈரானில் இசைக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. அரசுத் தொலைக்காட்சி இசை வாத்தியங்களைக் காட்டுவதில்லை. பாட்டு வரும், திரையில் பூவும் அருவியும் ஓடும். ஆண்களும் இருக்கும் அவையில் பெண் தனித்துப் பாட முடியாது.

பாரம்பரிய இசையிலோ பாடகர் எப்போதும் ஒருவர்தான். கவிதை அவர் வாயில். பெண் தனியாகப் பாடக் கூடாது என்றால் பெண்குரலே இல்லை என்று ஆகிவிடும். அலிசாதே 1989இல் தொடங்கிய ஹமாவாயான் குழுவில் இதற்கு ஒரு வழி கிடைத்தது: ஆண், பெண் குரல்களைச் சேர்த்துப் பின்னுவது. ஒருவர் தொடங்கிய வரிக்கு மேலே இன்னொருவர் வேறு மெட்டில் ஏறுவார், மூன்றாமவர் கீழே பிடித்துக்கொள்வார். மேற்கத்தியப் பாடப்புத்தகத்தில் கவுண்டர்பாயிண்ட் என்ற அத்தியாயத்தில் வரும் விஷயம் இங்கே கலைத்தேவையிலும் சட்ட நெருக்கடியிலும் ஒருசேர முளைத்தது. வசீரி 1920களில் வேண்டும் என்று கேட்ட பல்குரல் இசை, கடைசியில் கால் சுரக் கணக்கு எதையும் கேட்காமல், குரல்வளை வழியாக வந்தது. குரலுக்கும் மெட்டுக்கள் கிடையாதே.

அந்தக் காலகட்டத்தில் அவர் புதிதாக ஒரு சுர அமைப்பையும் கட்டினார். மாஹூர் தஸ்த்காவில் ‘தாத்’ என்றொரு குஷே உண்டு. நீதி என்று பொருள். ஹுமாயூனில் ‘பீதாத்’, அநீதி. வேறு வேறு தஸ்த்காக்களில் இருந்த இரண்டையும் எடுத்து ஒன்றாகப் பின்னி ‘தாத்-ஓ-பீதாத்’ என்று பெயர் வைத்தார். பாரசீகப் பேச்சில் அந்தத் தொடருக்குக் கூச்சல், கத்தி ஆர்ப்பாட்டம் செய்வது என்று பொருள். வெளியிலிருந்து ஒரு சுரமும் இரவல் வாங்காமலும் புதுமை செய்யலாம் என்பதற்கு இது சாட்சி. கலப்பைப் பற்றிப் பேசும்போது இந்தப் பக்கம் பெரும்பாலும் விட்டுப்போகிறது.

காகிதத்தில் ஏறிய பிறகு

கலப்பினால் பாரம்பரியத்துக்கு என்ன ஆகிறது என்ற கேள்வி அடிக்கடி எழும். கொரோன் தொலைந்துபோகும் என்ற பயம் ஓரளவு நியாயமானது. கீபோர்டும் கணினியும் வைத்துச் செய்யும் ஈரானியப் பாப் இசையில் கொரோன் இல்லாத மெட்டுகளே வசதிப்படுகின்றன. ஆனால் ‘நேய்நவா’ மாதிரி ஆக்கங்கள் வேறு விதமான மாற்றத்தைக் கொண்டுவருகின்றன. ரதீஃபில் எந்த மூலையில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதைக் கலைஞர் அன்றைய மனநிலைப்படி முடிவு செய்வார். இருபது வயலின்களுக்குத் தாள் அச்சடித்துக் கொடுத்த பிறகு அந்தச் சுதந்திரம் நேய்க்காரரின் மூச்சு அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அதற்குப் பதிலாக, அந்தலீபி இல்லாமலும், அலிசாதே இல்லாமலும், வேறு ஊரில் வேறு ஆட்கள் அதே ஆக்கத்தை எடுத்து வாசிக்க முடிகிறது. ரதீஃப் மரபில் ஆசானோடு போய்விடக்கூடிய ஒன்று இங்கே தாளில் நிற்கிறது.

தாளில் நிற்காதவையும் உண்டு. ஒவ்வொரு நேயும் ஒரே சுருதிக்கு வெட்டப்பட்டது என்பதால் கலைஞர் பல நீளங்களில் ஒரு கட்டு நாணல்களைப் பையில் கொண்டுவருவார். குளிரூட்டிய அரங்கில் நாணல் ஆறிக் கிடந்தால் சுருதி இறங்கியிருக்கும். ஊத ஊதச் சூடேறி மேலே போகும். ஆர்கெஸ்ட்ரா ஓர் ‘லா’வை வைத்துச் சுருதி சேர்த்து முடித்துவிட்டுத் தயாராக இருக்க, நேய்க்காரர் மட்டும் தன் குழலை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து, வாயால் வெதுவெதுப்பான காற்றை மெல்ல ஊதிக்கொண்டிருப்பார். நாணல் சூடேறும் வரை வயலின்கள் காத்திருக்க வேண்டும்.